ஆளுக்கு நூற்றிரண்டு ரூபாய்

நேவார்க் விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்தவர்கள் இரண்டு பேர்: சந்திரசேகர் சார், அவருடைய மகள் ஸ்வேதா. வராதவர் அவர் மனைவி வசந்தி மேடம். நான் பார்க்க வேண்டியிருந்தது அவரை மட்டும்தான்.

"மேடம் வரலையா சார்?"

"தங்கச்சிக்கு டெலிவரிங்க தம்பி. ஹூஸ்டன் போயிருக்கா. நீங்க இருக்கிற வரைக்கும் அங்கதான்" என்றார். ஊர் பேரைச் சொல்லியிருந்தால் போதும். நான் இருக்கிற வரைக்கும் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அந்த வார்த்தையை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அவர்களிடம் வந்து சேர்வதே பெரும்பாடாகிவிட்டது. என் மூட்டையில் இருந்தவை பனையோலைப் பெட்டிகள். சுங்க அதிகாரி ஒன்றைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இது செடியா?" என்று கேட்டார். "பெட்டி" என்றேன். "பெட்டி தெரிகிறது. எந்தச் செடி?" பனைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியும், அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "மரம்" என்றேன். அவர் ஒரு நாயை வரவழைத்தார். குட்டையான நாய், பச்சைச் சட்டை போட்டிருந்தது. பெட்டிக்குள் மூக்கை விட்டுச் சாயத்தின் நெடி தாங்காமல் பலமாகத் தும்மியது. அதிகாரி சிரித்துவிட்டார். என்னைச் சந்தேகப்பட்டவர்களில் சீக்கிரம் விட்டுவிட்டவர் அவர்தான்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அறந்தாங்கிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் இருபத்து மூன்று பெண்கள் சங்கமாகச் சேர்ந்து ஓலைப்பெட்டி முடைகிறார்கள். தலைவி அழகம்மாள் அக்கா. கணக்கு எழுதுவது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான்; பி.காம். வரைக்கும் படித்துவிட்டதால் வேறு யாரையும் அவர்கள் தேடவில்லை. சந்திரசேகர் சார், வசந்தி மேடம், கலிபோர்னியாவில் இருக்கும் ராமநாதன் சார் ஆகிய மூன்று பேர் சேர்ந்த ஒரு சிறு குழு, போன வருடம் எங்கள் பெண்களுக்கு ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மேடம் நேரில் வந்து கொடுத்தார். அன்று ஊரில் இல்லாத ஒரே ஆள் நான். புதுக்கோட்டையில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

மாதாமாதம் தவணை ஒழுங்காகக் கட்டினார்கள். கடைசித் தவணையில்தான் வினை. ஒவ்வொரு பெண்ணும் ஐந்நூறோடு நூற்றிரண்டு ரூபாய் கூடுதலாக வைத்தாள். பேசி வைத்ததுபோல் இருபத்து மூன்று பேரும் அதே தொகை. எதற்கென்று கேட்டால் அழகம்மாள் அக்கா, "அது எங்களுக்கும் அந்தம்மாவுக்கும் உள்ளது. நீ எழுதி அனுப்பு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயாயிரத்துக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி போட்டால் நூறு. மேலே இரண்டு ரூபாய் எதற்கோ. தாளில் வட்டியில்லை என்று எழுதிவிட்டு, நான் இல்லாத நாளில் வாய்வார்த்தையாக வட்டி பேசியிருக்கிறார் மேடம் என்று முடிவு கட்டினேன். இந்த நிலையில்தான் குழுவிடமிருந்து தகவல் வந்தது. இரண்டாவது கடன் கொடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களை நேரில் பேச வேண்டும், ஆள் வரட்டும், பயணச் செலவு அவர்களுடையது. ஐப்பசி மழைக்கு முன்பே ஓலையை வாங்கிக் காயவைத்தாக வேண்டும். கடன் வராவிட்டால் ஓலை மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்க வேண்டியதுதான். வாங்கினால் அந்த வருடம் முடைகிற பெட்டியெல்லாம் அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே போகும். ஆகவே 1999 ஆகஸ்டில் நான் விமானம் ஏறினேன்.

பிளெய்ன்ஸ்பரோவில் அவர்கள் குடியிருப்பில் ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் கிடையாது. செடிகூட ஒரே உயரத்துக்கு வெட்டியிருந்தது. ஸ்வேதா ஆறாம் வகுப்பு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் பாதி புரியும். "இவர்தான் பெட்டிக்காரரா?" என்று அப்பாவிடம் கேட்டாள். "ஆமா, அவர் எதிர்லயே கேளு" என்றார் அவர்.

காலையில் குளிர்ந்த பாலில் மொறுமொறுவென்று ஏதோ மிதந்தது. அவலை ஊற வைக்காமல் சாப்பிடுகிற மாதிரி. மதியத்துக்கும் இரவுக்கும் மேடம் சமைத்து உறைய வைத்துவிட்டுப் போன டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் காகிதம் ஒட்டி எழுதியிருந்தது: செவ்வாய் சாம்பார், புதன் வத்தக்குழம்பு, வெள்ளி தம்பிக்குக் காரம் கூட. எனக்கென்று தனியாகக் காரம் போட்டிருக்கிறார் என்று மனம் கொஞ்சம் இளகியது. அடுத்த நிமிடமே, டப்பாவுக்குக்கூடப் பெயர் எழுதி ஒட்டுகிறவர் வட்டியை மட்டும் எழுதாமல் விட்டாரே என்று தோன்றியது. அப்புறம் குழம்பு இறங்கவில்லை.

சந்திரசேகர் சார் கோயம்புத்தூர்க்காரர். நேராகக் கேட்க மாட்டார்.

"இருபத்து மூணு பேரும் கட்டிட்டாங்க?"

"கட்டிட்டாங்க சார்."

"ஒருத்தருகூட லேட் இல்லை?"

"இல்லை சார்."

"ஆச்சரியமா இருக்குதுங்க. எங்க அண்ணனுக்கு நான் குடுத்த பணமே ஆறு வருஷமா வந்துட்டு இருக்குது." சிரித்தார். சிரித்து முடித்தும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றிரண்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் மனைவி மாட்டிக்கொள்வாரென்று பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் வின்ட்சரில் ஒரு பூங்காவில் தமிழ்க் குடும்பங்களின் பிக்னிக். ஒரு மேசையில் எங்கள் பெட்டிகளைப் பரப்பினோம். சந்திரசேகர் சார் ஒவ்வொன்றிலும் விலை ஒட்டினார்: பன்னிரண்டு டாலர். ஊரில் அதே பெட்டிக்கு முடைகிறவள் கையில் கிடைப்பது முப்பது ரூபாய். பன்னிரண்டு டாலர் என்றால் ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.

"மிச்சமெல்லாம் எங்க போகுது சார்?"

"ஷிப்பிங் போக, நம்ம ஃபண்டுக்குத்தாங்க. அதுலதான் மறுபடி உங்களுக்கு லோன்."

அப்படியானால் எங்கள் பெட்டியின் காசையே எங்களுக்குக் கடனாகக் கொடுக்கிறார்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஓர் அம்மா வந்துவிட்டார். மூடியைத் திறந்து, தட்டி, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இதை டிஷ்வாஷர்ல போடலாமா தம்பி?"

"போடக் கூடாதும்மா."

"பின்ன எப்படிக் கழுவறது?"

"கழுவுற பொருள் இல்லம்மா. வெத்தலை, பழம் வைக்கலாம்."

"வெத்தலைக்கு நான் எடிசன் போகணும்" என்றவர், "பத்துக்குத் தர்றியா?" என்றார். பத்தாயிரம் மைல் தாண்டி வந்தாலும் இரண்டு குறைத்துக் கேட்கிற பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. சந்திரசேகர் சார் பன்னிரண்டுக்கே விற்றார். அந்த அம்மா இரண்டு வாங்கிக்கொண்டார்.

எடிசனில் இருக்கும் இந்தியக் கடைகளில் இந்த மாதிரிப் பெட்டி என்ன விலை என்று நானே பார்த்துவிடுவது என்று மறுநாள் கிளம்பினேன். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் சீட்டு வாங்கி, நின்ற முதல் ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். சின்ன ரயில். மூச்சு விடுவதற்குள் ஓரிடத்தில் நின்றது, எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். நான் மட்டும் எடிசனுக்காகக் காத்திருந்தேன். நடத்துநர் வந்து என் சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இதற்கு மேல் தண்டவாளம் இல்லை" என்றார். பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்புவதற்கென்றே ஒரு ரயில் விட்டிருக்கிறார்கள். அதே ரயிலில் திரும்பி வந்தேன். வேவு பார்க்கப் போனது அத்தோடு சரி.

அந்த வாரக் கடைசியில் சந்திரசேகர் சாரும் நானும் கலிபோர்னியா போனோம். பொருளாளர் ராமநாதன் சார் மில்பிடாஸில் இருக்கிறார். சென்னைக்காரர், ஒல்லியான மனிதர், கையில் கால்குலேட்டர் வைத்த கடிகாரம். முதலில் ஓர் இந்திய ஹோட்டலுக்கு அழைத்துப்போனார். மேசையை விட்டு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு தோசை வந்தது. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். பில் வந்ததும் அந்தக் கடிகாரத்தில் தட்டி, அவர் பங்கையும் சந்திரசேகர் சார் பங்கையும் சென்ட் வரைக்கும் பிரித்தார். "என்னை என்ன பண்ணீங்க சார்?" என்றேன். "நீ கெஸ்ட். உன்னை ரெண்டா டிவைட் பண்ணியாச்சு" என்றார் சிரிக்காமல்.

வீட்டுக்குப் போனதும் விஷயத்துக்கு வந்தார்.

"மிஸ்டர் தங்கராசு, இன்ட்ரஸ்ட் ஃப்ரீன்னு குடுத்த லோன். ஆளுக்கு நூத்திரண்டு ரூபா எக்ஸ்ட்ரா வந்திருக்கு. கிட்டத்தட்ட டூ பர்சென்ட். அந்த லேடீஸ்கிட்ட நீ எவ்வளவு பர்சென்ட் வாங்கற?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"நானா சார்?"

"அஞ்சு பர்சென்ட் வாங்கிண்டு, பயந்துபோய் ரெண்டை இங்க தள்ளிட்டியோன்னு கேக்கறேன். வேற எப்படி வரும்?"

"நீங்கதான சார் கேட்டு வாங்குனீங்க! நான் இல்லாத அன்னைக்கு வந்து வசந்தி மேடம் பேசி முடிச்சிட்டுப் போயிருக்காங்க. ஊர்ல கேட்டா எங்களுக்கும் அந்தம்மாவுக்கும் உள்ளதுன்னு சொல்றாக."

சந்திரசேகர் சாரின் முகம் சிவந்துவிட்டது. "தம்பி, வார்த்தையை அளந்து பேசுங்க. என்ற வீட்டுல ஒரு வாரம் சாப்பிட்டிருக்கீங்க" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான். எங்கள் மூன்று பேரில் யார் யாரைச் சந்தேகப்படுகிறோம் என்று எனக்கே பிடிபடவில்லை. ராமநாதன் சார் தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பொத்தானை அழுத்தி, ஹூஸ்டனுக்குப் போட்டார்.

பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. மேடம் உரக்கத்தான் பேசினார்.

"வட்டியா? நானா? யாருப்பா சொன்னது?"

"தம்பிதான் சொல்றாரு" என்றார் சந்திரசேகர் சார்.

"தங்கராசுவா? வெள்ளிக்கிழமை டப்பா சாப்பிட்டியாப்பா? காரம் போதுமா?"

"போதும் மேடம்" என்றேன். வேறென்ன சொல்வது?

"வட்டியெல்லாம் இல்லப்பா. வெறும் ஐயாயிரமா குடுக்க மனசு வரலை. சைபர்ல முடியக் கூடாதில்ல? அதான் என் பர்ஸ்லேர்ந்து ஆளுக்கு ஒத்த ரூபா சேர்த்தேன். தட்டுல வெத்தலை, பாக்கு, மஞ்சள் வெச்சு, நடுவுல கவர். முதல்ல எல்லாருக்கும் இலை போட்டுச் சாப்பாடு. வடை பாயசத்தோட. அப்புறம் ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கோயில்ல மைக் செட் இருந்தது, அதுலயே கூப்பிட்டேன். கிராண்டா இருந்ததுப்பா!"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இலை போட்டுச் சாப்பாடு. தட்டு. மைக்கில் பெயர். ஐயாயிரத்து ஒன்று. அவர் கொடுத்தது கடன். எங்கள் ஊர்ப் பெண்கள் வாங்கியது மொய்.

அவர்கள் மூவருக்கும் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் விசேஷத்தில் சாப்பிட்டுவிட்டு மொய் வைப்பார்கள். ஒருவர் எழுதுவார், ஒருவர் உரக்கச் சொல்வார். வாங்கியவர் அந்தப் பணத்தில் நிலம் வாங்கலாம், கடை வைக்கலாம். கொடுத்தவருக்கு ஒரு நாள் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். வாங்கியதை மட்டும் அப்படியே திருப்பி வைத்தால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று பொருள். பழையதோடு புதிதாகக் கொஞ்சம் சேர்த்து வைத்தால்தான் போக்குவரத்து நீடிக்கும். நூற்றிரண்டில் ஒரு ரூபாய் மேடத்தின் ஒத்தை ரூபாய். மீதி நூற்றொன்று புதிது. நூற்றிரண்டு என்று யாருமே மொய் வைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? வட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேனே தவிர, அது தோன்றவில்லை.

"அப்ப இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்றார் ராமநாதன் சார்.

"அடுத்த தடவை அவங்க வச்ச நூத்தியொண்ணோட நீங்க புதுசா கொஞ்சம் சேர்த்துச் செய்யணும் சார்."

"அதுக்கப்புறம்?"

"அவங்க அதுக்கு மேல சேர்த்து வைப்பாங்க."

"இது இன்ஃபினிட் லூப்யா. எப்படி முடியறது?"

"முடியக் கூடாதுன்னுதான் சார்."

அவர் என்னை நம்பவில்லை. இந்தக் கதையை இப்போதுதான் இட்டுக்கட்டினேனா என்று கண்ணாலேயே கேட்டார். சங்கத் தலைவி அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றார். அங்கே அப்போது விடிந்திருக்கும். எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போட்டு, அழகம்மாள் அக்காவைக் கூட்டிவரச் சொல்லி, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டோம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

"வணக்கம்மா. நான் ராமநாதன், அமெரிக்காலேர்ந்து பேசறேன். கடைசித் தவணையில நூத்திரண்டு ரூபா வெச்சீங்களே, எதுக்கு?"

கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டுமே, பதில் மெதுவாகத்தான் வந்தது.

"ஏன் சார், கொறைச்சலா தெரியுதா?"

"ஐயோ, குறைச்சல் இல்லம்மா. நாங்க வட்டி கேக்கலையே?"

"வட்டியா? வட்டிக்கு விடுற ஆளுகளா நீங்க? அந்தம்மா எலை போட்டுத் தட்டுல வச்சுல்ல குடுத்தாக. ஒங்க வீட்டு விசேசத்துக்கு நாங்க அங்கிட்டு வர முடியுமா? அதான் தவணையிலயே வச்சு விட்டோம்."

ராமநாதன் சார் என் பக்கம் திரும்பவில்லை. "சரிம்மா, புரியறது. ஆனா எங்களுக்கு ரூல்ஸ் இருக்கு. ஃபண்ட்ல அதை வெச்சுக்க முடியாது. அப்படியே திருப்பி அனுப்பிடறோம்."

"அப்படியேவா?"

"அப்படியே. ஒரு பைசா குறையாது."

பூத்துக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது மில்பிடாஸில் கேட்டது.

"எங்க மேல என்ன கோவம் சார்?" என்றார் அக்கா.

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "தங்கராசு அங்கன இருக்கானா? டேய், மண்டிக்காரரு நேத்து வந்து, முன்பணம் எம்புட்டு வேணும்னு கேட்டுட்டுப் போறாரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. இவுகதான் முடிச்சுக்கிறாகளே, அவருகிட்டச் சரின்னுரவா?"

ராமநாதன் சார் அவசரமாக ஒரு பொத்தானை அழுத்தி எங்கள் பேச்சு அங்கே கேட்காமல் செய்தார். "புது லோன் கையெழுத்தாகப் போறது, அதை ஏன் வேண்டாங்கறாங்க?"

"முறிச்சுக்கிட்டவங்க காசைத் தொட மாட்டாங்க சார்."

"ஃபண்ட்லேர்ந்து எக்ஸ்ட்ரா குடுக்க எந்த ஹெட்ல எழுதறது? மொய்னு ஒரு ஹெட் கிடையாது."

"ஃபண்ட எதுக்குங்க? நம்ம பாக்கெட்ல இருந்து போடுவோம்" என்றார் சந்திரசேகர் சார். என்னிடம் கோபம் தீரவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

ராமநாதன் சார் கடைசியாக ஒரு தடவை என்னைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்து அந்த அம்மா பேசலையே?"

"அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்க முடியாது சார்."

பொத்தானை மறுபடி அழுத்தினார். "அம்மா, இருக்கீங்களா? அப்படியே இல்லம்மா. சேர்த்துத்தான் அனுப்பறோம்."

"எம்புட்டு சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "அம்பது" என்றவர், உடனே திருத்திக்கொண்டார். "அம்பத்தியொண்ணு."

"செய்ங்க. ஒங்க சௌரியம்." மகிழ்ச்சியா, இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "மண்டிக்காரருகிட்ட வேணாம்னு சொல்லிடுறேன். ஒண்ணு மட்டும் சார். அந்தப் பணத்தைத் தங்கராசு கையில குடுத்து விடாதிய. படிச்ச பய, வட்டின்னு எழுதிப்புடுவான்."

ஹூஸ்டன் தங்கை வீட்டுக்கு மறுபடி போட்டுச் சொன்னதும், மேடம் சிரித்த சிரிப்பில் அங்கே குழந்தை விழித்துக்கொண்டது. என் பங்கையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். இரண்டாவது கடனுக்கு அன்றைக்கே மூன்று பேரின் சம்மதமும் கிடைத்தது. பெட்டிக்குப் பன்னிரண்டு டாலர் என்ற கேள்வியை நான் திரும்பவும் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார் ராமநாதன் சார். அதை நான் இன்னும் நம்பவில்லை.

பெண்கள் வைத்த நூற்றொன்று வந்த வழியே ஃபண்டிலிருந்து திரும்பப் போகும், அதில் நஷ்டமில்லை. மேடத்தின் ஒற்றை ரூபாய்கள் மேடத்துக்கு. புதிதாகச் சேர்க்கும் ஐம்பத்தொன்றுதான் செலவு. ராமநாதன் சார் கடிகாரத்தில் தட்டி, இருபத்து மூன்றால் பெருக்கி, டாலருக்கு நாற்பத்து மூன்று ரூபாய் என்று வகுத்து, மூன்று பங்காகப் பிரித்தார். ஒரு சென்ட் மிஞ்சியது. அதை யார் போடுவது என்று கடிகாரத்தில் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு, "நானே போடறேன், விடு" என்றார்.

ஆக மொத்தம் அவர்கள் மூவருக்கும் ஆன செலவு: இருபத்தேழு டாலர், இருபத்தெட்டு சென்ட்.